கொல்லையில் கழிவறை, தெருவில் சாக்கடை: வீட்டுக்கு அடியில் குழாய் உடைந்தால் என்ன செய்வது?

கடலூர் முதுநகரின் பழைய தெருக்களிலும், சிதம்பரத்தின் நான்கு வீதிகளை ஒட்டிய தெருக்களிலும் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். திண்ணை, நடை, முற்றம், சமையல்கட்டு எல்லாம் தாண்டினால் கடைசியில் கொல்லை. கிணறும் கழிவறையும் அங்கேதான். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆள் நுழையச் சந்துகூடக் கிடையாது.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கழிவறை பின்னால், பாதாளச் சாக்கடை முன்னால். இரண்டையும் இணைக்கும் குழாய், வேறு வழி இல்லாமல், வீட்டின் நீளம் முழுக்கத் தரைக்கு அடியிலேயே போகிறது. வழியில் நாலைந்து சுவர்களின் அஸ்திவாரத்தைக் குறுக்கே கடக்கிறது. அது உடைந்தால் உடனே யாருக்கும் தெரிவதில்லை. ஒருநாள் நடையில் போட்ட டைல்ஸ் இறங்கும். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து போன் வரும்: "தரை இறங்குதுப்பா. கொத்தனார் உடைச்சுப் பாக்கணும்ங்கிறார்."

அந்த போனுக்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் வீட்டின் பலமும், செலவும், சில சமயம் ஓர் ஆளின் உயிரும் இருக்கின்றன. சுருக்கமான பதில் இது: முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் தோண்ட வேண்டும். முடிந்தவரை குழாயை உடைந்த இடத்திலேயே ஒட்டுப்போடாமல், அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். எந்த நிலையிலும் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்கக் கூடாது.

குழாய் ஏன் உடைகிறது?

பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சுட்டமண்ணில் செய்து மேலே பளபளப்புப் பூசிய ஸ்டோன்வேர் குழாய். ஒரு குழாயின் நீளம் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடிதான். 60 அடி நீள வீட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 இணைப்புகள் வரும். ஒவ்வொன்றும் சணல் வைத்து சிமென்ட் கலவையால் அடைத்தது. குழாய் கெட்டியாக இருந்தாலும் இணைப்பு விட்டுவிடும். தென்னை, முருங்கை, அரசு என்று கொல்லையில் எந்த மரம் இருந்தாலும் அதன் வேர் ஈரத்தைத் தேடி அந்த விரிசலுக்குள் நுழையும்.

அடுத்து மண். சிதம்பரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். அங்குள்ள களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வருஷா வருஷம் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம், வளையத் தெரியாத குழாயை மெதுவாக முறித்துவிடும்.

முதுநகர் உப்பனாற்றின் கரையில், துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. கடலும் முகத்துவாரமும் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. இதனால் உடைந்த குழாய் இரண்டு விதமாகச் சேதம் செய்கிறது. கோடையில் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது, குழாயில் உள்ள கழிவு வெளியே கசிந்து மண்ணை ஊற வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் குழாயைவிட மேலே வந்துவிடும்போது, வெளியில் உள்ள தண்ணீர் விரிசல் வழியே குழாய்க்குள் புகுகிறது. வரும்போது பொடி மணலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த மணல் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். தரைக்கு அடியில் பொந்து மட்டும் மிஞ்சும். மேலே டைல்ஸ் பளபளப்பாக இருக்கும்போதே கீழே மண் இருக்காது. கழிவு கசிவதைவிட இந்தப் பொந்துதான் வீட்டுக்குப் பெரிய ஆபத்து.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு கழிவறையில் மட்டும் தண்ணீர் தேங்கினால் அது சாதாரண அடைப்பாக இருக்கலாம். கழிவறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் மூன்றிலும் சேர்ந்து தண்ணீர் மெதுவாக இறங்கினால் கோளாறு பிரதான குழாயில் இருக்கிறது. ஓர் இடத்தில் தண்ணீர் ஊற்றும்போது இன்னோர் இடத்தில் 'குளுகுளு' என்று சத்தம் வருவதும் அதே அறிகுறிதான்.

வேறு அடையாளங்களும் உண்டு. அடைப்பை எடுத்த பத்தாம் நாளே மறுபடி அடைத்துக்கொள்வது. சேம்பரில் மணல் வந்து படிவது. சுவரின் அடியில் ஓதம் ஏறி, வெயில் காலத்திலும் காயாமல் இருப்பது. தரையைத் தட்டினால் வெற்றுப் பானை மாதிரி சத்தம் கேட்பது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக விரிசல் இறங்குவது. இதில் கடைசி இரண்டும் தெரிந்தால் பிளம்பர் மட்டும் போதாது; கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

கிணறோ, தரைமட்டத் தண்ணீர்த் தொட்டியோ அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால், சந்தேகம் வந்த அன்றே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் காமாலை, டைபாய்டு, காலரா மூன்றுமே கழிவு கலந்த தண்ணீரில் பரவக்கூடியவை. நிறம், வாசனை, ருசி எதுவும் மாறாமலேயே கிருமி இருக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிப்பதே உறுதியான வழி.

உடைப்பதற்கு முன்னால்

"சார், உடைச்சாத்தான் தெரியும்" என்பது பல இடங்களில் கேட்கிற பேச்சு. உண்மையில் உடைக்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. தெருவோரச் சேம்பரில் குழாயின் வாயை அடைத்து, கொல்லைச் சேம்பரில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவைத்து அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பது. மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. மழைக்காலத்தில் இதையே திருப்பிச் செய்யலாம்: வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாத நள்ளிரவில் தெருச் சேம்பரைத் திறந்து பார்த்தால், குழாயில் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், நிலத்தடி நீர் உள்ளே புகுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, கேமரா. கம்பி முனையில் சின்ன கேமராவைப் பொருத்திக் குழாய்க்குள் விட்டால், எத்தனையாவது அடியில் உடைந்திருக்கிறது, எங்கே தொய்ந்திருக்கிறது, எங்கே வேர் நுழைந்திருக்கிறது என்று போன் திரையிலேயே பார்க்கலாம். கேமரா விடுவதற்கு முன் குழாயைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஊரில் அந்தக் கருவி இல்லையென்றால் வெளியூரிலிருந்து வரவழைத்தாலும் அந்தச் செலவு வீண் இல்லை. எந்த இடம் என்று தெரியாமல் மூன்று அறையின் தரையை உடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி: அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் வாங்கி இரண்டு மூன்று பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

நான்கு வழிகள்

ஒன்று, உள்ளுறை போடுவது. பிசினில் ஊறிய துணிக்குழாயைப் பழைய குழாய்க்குள் நுழைத்து, காற்று அல்லது தண்ணீர் அழுத்தத்தில் உப்ப வைத்து, சூடாக்கி இறுக வைக்கிறார்கள். பழைய குழாய்க்குள் புதுக் குழாய் உருவாகிவிடும்; தரையைத் தொட வேண்டாம். 1971இல் எரிக் வுட் என்பவர் லண்டனில் முதன்முதலில் செய்து காட்டிய முறை இது. ஆனால் ஒரு வரம்பு உண்டு. குழாய் தொய்ந்திருந்தால் உள்ளுறையும் அதே தொய்வோடுதான் இறுகும். முழுக்க நொறுங்கியிருந்தால் நுழைக்கவே முடியாது. விரிசல், இணைப்புக் கசிவு, வேர் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இது சரி. பெரிய சாக்கடைகளுக்குப் பழகிப்போன இந்த முறையை வீட்டு நாலு இன்ச் குழாய்க்குச் செய்து கொடுக்கும் ஆளைச் சிறிய ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டு, பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளி, அதே பாதையில் புதுக் குழாயை இழுப்பது. பிரிட்டனில் 1970களின் இறுதியில் எரிவாயுக் குழாய்களுக்காக உருவான முறை. தெருவில் நல்ல முறை. அஸ்திவாரத்துக்குக் கீழே வேண்டாம். உடையும் துண்டுகள் பக்கத்து மண்ணைத் தள்ளும். ஆழமில்லாத பழைய கடக்கால் அதைத் தாங்காது.

மூன்று, உடைந்த இடத்தில் மட்டும் தரையை உடைத்து மாற்றுவது. உடைப்பு அறையின் நடுவில், சுவரிலிருந்து தள்ளி இருந்தால் இதுவே எளிது. சுவருக்கு நேர் கீழே இருந்தால் இது ஆபத்து.

நான்கு, பாதையையே மாற்றுவது. பழைய குழாயைக் கைவிட்டு, சிமென்ட் கூழ் ஊற்றி அடைத்துவிட்டு, புதுக் குழாயை வேறு வழியில் கொண்டு போவது. பக்கச் சந்து இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல வழி கிடையாது.

சந்தே இல்லாத வீட்டில்? அங்கும் வழி உண்டு. புதுக் குழாயை ஆழத்தில் போடாமல், முற்றத்தின் ஓரமாகவும் நடையின் ஓரமாகவும், தரைக்குச் சற்றுக் கீழே, மேலே திறந்து மூடும் கல் பலகை போட்ட ஒரு கால்வாய்க்குள் கொண்டுவரலாம். அறையிலிருந்து அறைக்கு வாசற்கால் இருக்கும் இடத்தில் மட்டும் கடக்க வேண்டும். அங்கே மேலே சுவரின் பாரம் இல்லை. வாட்டக் கணக்கு இதுதான்: நாலு இன்ச் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி இறக்கம் என்பது கொத்தனார்கள் கைக்கணக்கு, 60 அடிக்கு ஓரடி வரைகூடப் போகலாம். 60 அடி வீட்டுக்கு ஓரடியிலிருந்து ஒன்றரை அடி இறக்கம் வேண்டும். கொல்லையில் கழிவறைத் தரையை இரண்டு படி உயர்த்தினால் அந்த இறக்கம் கிடைத்துவிடும். அடுத்த முறை அடைத்தால் பலகையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

இதற்கும் தடையாக நிற்பது தெருவின் உயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல தெருக்களில் வாசற்படி தெருவைவிடக் கீழே போய்விட்டது. சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். ஏற்கனவே தாழ்ந்துபோன வீடுகளில், தெருச் சாக்கடை நிரம்பும்போது கழிவு வீட்டுக்குள் திரும்பி வராமல் இருக்க, கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். 2015 வெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இது தேவையா என்று விளக்கத் தேவையில்லை.

சுவருக்குப் பக்கத்தில் தோண்டினால்

குழாயை எடுக்க வேறு வழியே இல்லாமல் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்ட வேண்டி வரலாம். அப்போது மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே, சுவர் நீளம் முழுக்க ஒரே நாளில் பள்ளம் எடுக்கக் கூடாது. மூன்று, நான்கு அடி எடுத்து, வேலை முடித்து, கெட்டித்து மூடிய பிறகே அடுத்த துண்டு. இல்லையென்றால் சுவருக்குத் தாங்கல் போய்விடும். அது பொதுச்சுவராக இருந்தால் பக்கத்து வீடும் சேர்ந்து இறங்கும். ஆகவே வேலைக்கு முன்பே அவர்களிடம் சொல்லி, இரு பக்கச் சுவர்களையும் தேதியோடு போட்டோ எடுத்துவைப்பது நல்லது. பின்னால் தகராறு வராது.

ஐந்தடிக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கங்களுக்குப் பலகை கொடுத்து முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. சரிந்தால் மார்பளவு புதைந்தவர்கூட மூச்சுவிட முடியாது.

ஊற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே தோண்டக் கூடாது. முதுநகர் போன்ற இடங்களில் இதுதான் அடிக்கடி நடக்கக்கூடிய தவறு. இறைக்கும் தண்ணீரோடு அஸ்திவாரத்தின் அடியிலுள்ள மணலும் வந்துவிடும். வேலையைத் தள்ளிப்போட முடியுமென்றால் மாசி முதல் ஆனி வரை நிலத்தடி நீர் இறங்கிய காலத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

குழிக்குள் யார் இறங்குவது?

இவ்வளவு வேலையிலும் வீட்டுக்காரர் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. கேமரா விடுவதற்கு முன் சேம்பரை யாராவது சுத்தம் செய்ய வேண்டும். செப்டிக் டேங்க் வீடென்றால் அதைக் காலி செய்ய வேண்டும். "ஒரு ஆள் இறங்கி வாரிப் போட்டா முடிஞ்சுது" என்று யாராவது சொல்வார்கள்.

ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு காற்றைவிடக் கனமானது; குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'இப்ப நாத்தம் இல்லையே' என்று நினைக்கிற நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சில் மயக்கம். காப்பாற்ற இறங்குகிறவரும் அடுத்து விழுகிறார். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது இன்னும் மோசம். மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் வேலைத் தடைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தத் தடை விதிக்கிறது. இது ஒப்பந்ததாரருக்கும் மாநகராட்சிக்கும் மட்டும் உரியது இல்லை. வீட்டுக்காரரும் 'எவரும்' என்பதில் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம். சாக்கடையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. "அவரே ஒத்துக்கிட்டுத்தான் இறங்கினார்" என்பது இங்கே செல்லாது.

அதனால் கேட்க வேண்டியது உறிஞ்சு லாரியும் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமும்தான். உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். வீட்டுச் சேம்பர் இரண்டு, மூன்று அடி ஆழம்தான் என்றால் வெளியில் நின்று நீளக் கரண்டியால் எடுத்துவிட முடியும்.

மூடுவதற்கு முன்னால்

பைப் வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் 'எஸ்டபிள்யூஆர்' என்று கேட்டால் இரண்டு வகை தருவார்கள். ஐஎஸ் 13592 தரத்தில் டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது, சுவர் மெல்லிசு. கழிவுக்கு டைப் பி. மண்ணுக்குள் புதைக்கிற குழாய்க்குத் தனித் தரமே உண்டு: ஐஎஸ் 15328. அதில் எஸ்என் 2, 4, 8 என்று அழுத்தம் தாங்கும் அளவும் அச்சிட்டிருக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து மெல்லிசைப் புதைத்தால் இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டி வரும்.

சுவரைக் கடக்கும் இடத்தில் நாலு இன்ச் குழாய்க்கு ஆறு இன்ச் குழாயை உறையாகப் போட்டு, நடுவில் இளகும் பொருளை அடைக்க வேண்டும். சுவர் கொஞ்சம் இறங்கினாலும் பாரம் குழாயின் மேல் விழாது. குழாய்க்கு அடியில் கல் இல்லாத மணல் படுகை வேண்டும். தரைக்குக் கீழே பொந்து இருந்தால் வெறும் மண்ணைத் தள்ளி மூடக் கூடாது. சிமென்ட் கூழோ மெலிந்த கான்கிரீட்டோ நிரப்ப வேண்டும்.

பிறகு சோதனை. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மில்லிமீட்டர் சிறிய வழவழப்பான பந்தை மேல் முனையில் போட்டால், கீழ் முனைக்குத் தானாக உருண்டு வர வேண்டும். ஒரு முனையில் செல்போன் டார்ச், மறுமுனையில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தண்ணீர் நிரப்பி வைத்தால் மட்டம் இறங்கக் கூடாது. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் மண்ணும் கடைசித் தவணைப் பணமும். குழாய் போகும் பாதையை டேப் வைத்து அளந்து, போட்டோவோடு ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டால் அடுத்த தலைமுறை தேடாது.

தெரு செய்ய வேண்டியது

வீட்டுக்காரர் செய்ய முடிந்தது இவ்வளவுதான். ஆனால் கொல்லைக் கழிவறைக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் வீட்டை வைத்தது எந்த ஒரு வீட்டுக்காரரும் தனியாக எடுத்த முடிவு இல்லை. பிரேசிலின் நட்டால் நகரத்தில் 1980களின் தொடக்கத்தில் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவுக்குக் குழாய் போடாமல், வரிசை வீடுகளின் கொல்லைகள் வழியாக ஆழமில்லாத ஒரே குழாயை ஓட்டி, கடைசியில் ஒரே இடத்தில் தெருச் சாக்கடையோடு சேர்த்தார்கள். பள்ளமும் குறைவு, குழாயும் குறைவு, எந்த வீட்டின் அஸ்திவாரத்துக்கு அடியிலும் போக வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

1866இல் நகராட்சியாகி, 2021இல் மாநகராட்சியான கடலூர், முதுநகர் போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரு தெருவிலாவது இதைச் செய்து பார்க்கலாம். சிதம்பரம் நகராட்சியும் பார்க்கலாம். அதுவரை, குழாய் கேமராவும் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமும் உள்ளாட்சி அலுவலகத்தில் நியாயமான கட்டணத்துக்குக் கிடைக்கச் செய்வது பெரிய காரியமில்லை. புது இணைப்புக்கு அனுமதி கொடுக்கும்போதே குழாய் போகும் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்வதற்கு ஒரு ரூபாயும் ஆகாது. தரையை உடைத்துத் தேடுவதும், குழியில் ஆளை இறக்கித் தேடுவதும் இந்த மூன்று வசதியும் இல்லாததால்தான் தொடர்கின்றன.